‘தாமே கற்றுக்கொள்வார்கள்’: முதுநிலைப் புள்ளியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

அடுத்த கல்வியாண்டு முதல் முதுநிலைப் புள்ளியியலில் இரண்டு மாற்றங்கள் வருவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. கணிதப் பட்டதாரிகளுக்காக முதல் பருவத்துக்கு முன் நடந்துவந்த இணைப்புப் பாடம் நிறுத்தப்படுகிறது. பிற துறை ஆய்வாளர்கள் தங்கள் தரவோடு வந்து எங்களோடு உட்காரும் ஆலோசனை வகுப்பு இனிமேல் கட்டாயம் கிடையாது. விரும்பினால் வரலாம், மதிப்பெண் இல்லை. காலியாகும் நேரத்தில் நிகழ்தகவுக் கோட்பாட்டில் இன்னொரு தாள். இத்தனைக்கும் காரணமாக நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: கணிதப் பின்னணி வலுவாக உள்ள மாணவர்கள் இவற்றைத் தாமே கற்றுக்கொள்வார்கள்.

அந்த வரி என்னைப் போன்றவர்களைப் பற்றியது. கணிதத்தில் இளநிலை முடித்துவிட்டு உங்கள் துறையில் முதுநிலைப் புள்ளியியல் படித்தவன் நான். இன்று சோறு போடுவது அந்தப் படிப்புதான். பாராட்டுப் போலத் தோன்றும் அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்களுக்குக் கணிதத்தில் குறை இருந்ததில்லை. தரவுக்குக் கோடு பொருத்தும் மீச்சிறு வர்க்க முறை என்பது ஒரு திசையனை ஓர் உள்வெளியின் மேல் செங்குத்தாக இறக்குவதுதான் என்று ஆசிரியர் படம் போட்ட அன்றே எங்களில் பலருக்கு அந்தப் பாடம் முடிந்துவிட்டது. ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு வரம்பிடும் கிராமர்–ராவ் எல்லைக்கான நிரூபணம் கோஷி–ஷ்வார்ட்ஸ் சமனிலியில் வந்து நின்றபோது, ‘இவ்வளவுதானா’ என்று பக்கத்திலிருந்த நண்பன் பேனாவை மூடி வைத்தான். அதே வாரங்களில் திண்டாடியவர்கள் இளநிலையிலேயே புள்ளியியல் படித்து வந்தவர்கள். ஆக, நீங்கள் கூடுதலாகத் தரப்போகும் தாள், எங்களுக்கு ஏற்கெனவே கைவந்த பக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து கொட்டுகிறது. கோட்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாணவனாக எனக்கு மிகவும் பிடித்த வகுப்புகள் அவைதான். எதை எடுத்துவிட்டு அதை வைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்களிடம் இல்லாதது வேறு. இளநிலை முழுவதும் எங்கள் கணக்குகள் ‘எனக் கொள்க’ என்று முடியும் ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கின. இந்த மாறிகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொள்க; எல்லாம் ஒரே பரவலிலிருந்து வந்தவை எனக் கொள்க. கொள்ளச் சொன்னார்கள், கொண்டோம். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. கணிதத்தில் அதற்கு அவசியமும் இல்லை. புள்ளியியலிலோ பாதி வேலை அந்த வாக்கியத்தைச் சந்தேகப்படுவதுதான். அந்தச் சந்தேகத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் பெறவில்லை. நீங்கள் இப்போது விருப்பப் பாடமாக்கும் ஆலோசனை வகுப்பில்தான் அது கிடைத்தது.

ஒரு நாள் தாவரவியல் ஆய்வாளர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். ஒரு ஊக்கி மருந்து கொடுத்தால் இலையின் பரப்பு கூடுகிறதா என்பது அவருடைய கேள்வி. மருந்து கொடுத்தவற்றில் 60 இலைகள், கொடுக்காதவற்றில் 60 இலைகள், மொத்தம் 120 அளவீடுகள். தரவு சுத்தமாக இருந்தது, ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எங்களுக்குக் கை துறுதுறுத்தது. இரு சராசரிகள், அவற்றின் வேறுபாட்டைச் சோதிக்கும் டி-சோதனை, ஆர் மென்பொருளில் ஒரே வரி. பி-மதிப்பு, அதாவது மருந்துக்கு விளைவே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு, 0.001க்கும் கீழே வந்தது. ஆய்வாளர் முகம் மலர்ந்துவிட்டது.

எங்கள் ஆசிரியர் திரையைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்துக் கேட்டார்: “மருந்தை இலை இலையாகத் தடவினீர்களா, வேரில் ஊற்றினீர்களா?”

“வேரில்தான் மேடம்.”

“எத்தனை செடி?”

“நாலு. ரெண்டுக்கு மருந்து, ரெண்டுக்கு வெறும் தண்ணீர். ஒவ்வொரு செடியிலும் முப்பது இலை எடுத்தேன்.”

“அப்போ உங்களிடம் இருப்பது நூற்றி இருபது இல்லை. நாலு.”

அறையில் யாரும் பேசவில்லை. ஒரே செடியின் முப்பது இலைகளும் ஒரே வேர், ஒரே மண், ஒரே வெளிச்சத்தில் வளர்ந்தவை; அவை முப்பது தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. செடிக்கு ஒரு சராசரி என்று எடுத்து மறுபடி போட்டோம். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது கணக்குக்குக் கிடைக்கும் சுதந்திரமான தகவல்களின் எண்ணிக்கை, 118லிருந்து 2க்கு வந்தது. 5 சதவீத அளவில் டி-மதிப்பு தாண்ட வேண்டிய எல்லை 1.98லிருந்து 4.30க்கு ஏறியது. முடிவு காணாமல் போனது. டி-பரவலின் அடர்த்திச் சார்பைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருவித்துக் காட்டக்கூடியவர்கள் அந்த அறையில் இருந்தோம். செடி எத்தனை என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதைத் தாமே கற்றுக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மடலில் நான் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். நிரூபணத்தில் தவறு செய்தால் நிரூபணமே காட்டிக்கொடுக்கும். ஒரு படி அடுத்த படியோடு ஒட்டாது. எதிர் உதாரணம் ஒன்று வந்து நிற்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது ஓட்டையைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க முடிகிறது. தரவுப் பகுப்பாய்வில் தவறு செய்தால் ஒன்றுமே நடக்காது. மென்பொருள் பிழைச்செய்தி தராது, அட்டவணை அழகாக வரும், முடிவு முக்கியமானது என்று நட்சத்திரக் குறிகூடப் போட்டுத் தரும். அந்த 120 இலைகளின் விடையில் எந்த வரியும் தப்பில்லை. தப்பு என்று சொல்ல எதிரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நீங்கள் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள்.

இது ஏதோ எங்கள் தொகுதிக்கு மட்டும் நேர்ந்த குறை என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் இரு மாறிகளின் சராசரிகள் 9, 7.5, அவை எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு சுமார் 0.816, பொருத்தும் கோட்டின் வெட்டுத்துண்டு 3, சாய்வு 0.5. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று வளைகோடு, மூன்றாவது ஒரே ஒரு புள்ளியால் இழுபட்ட நேர்கோடு, நான்காவதில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் இணைப்புப் பாடத்தின் முதல் வகுப்பு இதுதான். முதலில் எண்களை மட்டும் கொடுத்து, கோடு பொருத்தச் சொல்லி, அப்புறம் வரையச் சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு வரைந்து பார்க்காமல் நான் எந்தத் தரவையும் தொட்டதில்லை. இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்தப் பாடத்தை வைத்திருக்கலாம்.

இன்னொன்று. சிறுநீரகக் கல்லுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு. திறந்த அறுவைச் சிகிச்சையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 350இல் 289, அதாவது 83 சதவீதம். துளை முறைதான் மேல் என்று தோன்றும். கல்லின் அளவுப்படி பிரித்தால்? சிறிய கல்லில் திறந்த அறுவை 87இல் 81, துளை முறை 270இல் 234: 93க்கு 87. பெரிய கல்லில் 263இல் 192, 80இல் 55: 73க்கு 69. இரண்டு பிரிவிலும் திறந்த அறுவையே முந்துகிறது. கடினமான, பெரிய கற்களைப் பெரும்பாலும் அதற்கே அனுப்பியிருக்கிறார்கள். மொத்தக் கணக்கில் அது தோற்றதுபோல் தெரிந்தது அதனால்தான். இதில் கணிதம் என்று பார்த்தால் பள்ளிப் பிள்ளை போடும் வகுத்தல்தான். எந்த அட்டவணையை நம்புவது என்பதை அந்த வகுத்தல் சொல்லாது. யாரை எந்தச் சிகிச்சைக்கு, ஏன் அனுப்பினார்கள் என்று மருத்துவரிடம் கேட்டால்தான் தெரியும். நீங்கள் சேர்க்கப்போகும் தாளில் இந்தக் கேள்விக்கு இடம் எங்கே?

வகுப்புப் பயிற்சிகளை லேசாக எடைபோடுகிறவர்கள் 2013இல் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். மாசச்சூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவருக்கு ஒரு பாடத்தில் கொடுத்த வேலை, வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவை மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பது. அவர் எடுத்துக்கொண்டது ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பேர்பெற்ற பொருளியலாளர்களின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை. ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடும் என்று அது சொன்னது. அரசுகளின் சிக்கனக் கொள்கைக்கு ஆதாரமாகப் பலர் அதைக் காட்டிவந்தார்கள். ஹெர்ன்டன் மூலக் கணக்குத்தாளைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும் எடை கொடுத்த முறையும் அதோடு சேர்ந்திருந்தன. சரிசெய்தபோது அந்தச் சராசரி 2.2 சதவீதம் ஆனது. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது, எண்ணை நம்பாமல் கணக்குத்தாளைத் திற என்று பழக்கிய ஒரு வகுப்பு. அது மதிப்பெண் இல்லாத விருப்பப் பாடமாக இருந்திருந்தால் எத்தனை பேர் அதற்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள்?

கணிதத்திலிருந்து வந்து புள்ளியியலை வளர்த்தவர்கள் நிறையப் பேர்; அவர்களைக் காட்டி உங்கள் வரியை நீங்கள் நியாயப்படுத்தலாம். ஆனால் அவர்கள் வந்த வழியைப் பாருங்கள். சி. ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுநிலை முடித்தவர். 1941இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1943இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் இன்னொரு முதுநிலைப் பட்டம் வாங்கினார். அவர் பெயரைத் தாங்கும் எல்லை 1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் வருகிறது. அதற்கு அடுத்த வருடம் கேம்பிரிட்ஜுக்குப் போனவர் அங்கே முதலில் என்ன செய்தார் தெரியுமா? தொல்லியல் மானிடவியல் அருங்காட்சியகத்தில், சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த எலும்புகளின் அளவீடுகளோடு உட்கார்ந்தார். ரொனால்ட் ஃபிஷரின் வழிகாட்டுதலில் 1948இல் முனைவர் பட்டம் பெற்றதும் அந்த வேலையோடு ஒட்டித்தான். ஃபிஷரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1919இல் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துக்குப் போய், அங்கே பல பத்தாண்டுகளாகக் குவிந்துகிடந்த பயிர்ப் பதிவுகளோடு போராடினார். எலும்பையும் வயலையும் தொடாமல் தேற்றத்திலேயே இருந்திருந்தால் இவர்கள் நல்ல கணிதவியலாளர்களாகவே இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் தருவது புள்ளியியல் பட்டம்.

இடவியல் என்னும் கணிதக் கிளையில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் டூக்கி, 1962இல் தரவுப் பகுப்பாய்வின் எதிர்காலம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையைத் தொடங்குவதே, தன்னைப் புள்ளியியலாளன் என்று நெடுநாள் எண்ணியிருந்ததாகவும், கணிதப் புள்ளியியல் போகும் போக்கைப் பார்த்து அதில் ஐயம் வந்துவிட்டதாகவும் சொல்லித்தான். அவருக்கே வந்த ஐயம் உங்கள் குழுவுக்கு வராமல் போனது எனக்கு வியப்பாக இருக்கிறது.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடியவை எனக்கும் தெரியும். ஆலோசனை வகுப்பு ஆசிரியர் நேரத்தை விழுங்குகிறது. உண்மைதான், நாற்பது பேருக்குக் கரும்பலகையில் தேற்றம் நடத்துவது போல் அதை நடத்த முடியாது. தாவரவியலாளர் ஒரு வாரம் வருவார், மறுவாரம் வரமாட்டார். சிலர் தரவைச் சேகரித்து முடித்த பிறகு வந்து, ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட விடைக்கு எங்களிடம் முத்திரை கேட்பார்கள். ஆனால் அந்தத் தொல்லைகளே பாடம். முத்திரை கேட்டு வருபவரிடம் மரியாதையாக இல்லை என்று சொல்வது எப்படி என்று எந்தத் தாளில் சொல்லித் தருவீர்கள்? மென்பொருள் வருடத்துக்கு ஒன்று மாறும், கோட்பாடு நிலைக்கும் என்று இன்னொரு வாதம் வரும். ஆலோசனை வகுப்பில் நாங்கள் மென்பொருள் கற்கவில்லை. வயது என்ற கட்டத்தில் 999 என்று இருந்தால் அது வயதல்ல, பதில் சொல்லாதவருக்கு யாரோ போட்ட குறி என்று கற்றோம். கணக்கைக் கணினி ஒரு நொடியில் போட்டுத் தரும் காலத்தில், எதைக் கணக்கிடுவது என்று தெரிந்திருப்பதன் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

நீங்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு. உங்கள் வகுப்பறையில் இரண்டு விதமான மாணவர்கள் இருக்கிறார்கள். புள்ளியியல் படித்து வந்தவர்களுக்கு, குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் பரவற்படிப் பகுப்பாய்வு அட்டவணை மனப்பாடம். அது ஏன் அப்படி இருக்கிறது என்பது தெரியாது. எங்களுக்கு ஏன் என்பது தெரியும். அட்டவணையைப் பார்த்தால் வாசிக்கத் தெரியாது. விரிவுரைகளில் இரு தரப்பும் தனித்தனி வரிசையில்தான் உட்கார்ந்தோம், ஒருவரை ஒருவர் கொஞ்சம் இளக்காரமாகவும் பார்த்தோம். ஆலோசனை மேசையில் அது நடக்கவில்லை. ஒரு கணக்குத்தாளின் முன்னால் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தேவைப்பட்டுவிடுகிறது. எனக்கு எச்சங்களின் (பொருத்திய கோட்டுக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசங்களின்) வரைபடத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது ஆசிரியர் அல்ல, அந்த மேசையில் எதிரே இருந்த தோழி. பதிலுக்கு அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது தொகையீட்டையும் எல்லையையும் எப்போது இடம் மாற்றலாம் என்பது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கணிதப் பட்டதாரிகளை வரவேற்கிறோம் என்று சேர்க்கைக் குறிப்பேட்டில் தொடர்ந்து அச்சிடுகிறீர்கள். நேர்காணலில் தொடர்களின் ஒருங்கலைக் கேட்கிறீர்கள், அணிகளின் ஐகன் மதிப்பைக் கேட்கிறீர்கள். ஓர் அட்டவணையைக் காட்டி இதில் என்ன சந்தேகமாக இருக்கிறது என்று ஒருவரையும் கேட்பதில்லை. கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொண்ட பிறகு, உங்களிடம் இல்லாததை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். இரண்டாம் ஆண்டு ஆய்வுத் திட்டத்தில் முதன்முறையாக உண்மையான தரவைப் பார்க்கும் மாணவர் அங்கே தடுமாறினால், அந்தக் குறை அவருடைய மதிப்பெண் பட்டியலில்தான் ஏறும், உங்கள் சுற்றறிக்கையில் ஏறாது.

ஆகவே கேட்கிறேன். ஆலோசனை வகுப்பை விருப்பப் பாடமாக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். அது மதிப்பெண்ணோடு, முதல் ஆண்டிலேயே, எல்லோருக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும். ஆசிரியர் நேரம்தான் தடை என்றால் முனைவர் பட்ட மாணவர்களை மேசைக்கு ஒருவராக உட்காரவைத்து அதையும் அவர்களுடைய பயிற்சியாகக் கணக்கிடுங்கள். என்னைப் போன்ற பழைய மாணவர்களைக் கூப்பிட்டால் நாங்களும் வருவோம்.

இணைப்புப் பாடத்தை முழுதாக வைக்க முடியாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள். அதில் நிகழ்தகவு மறுபார்வை போனால் போகட்டும். அதை நாங்களே பார்த்துக்கொள்வோம். தரவை வரைவது, விடுபட்ட மதிப்புகளைக் கையாள்வது, மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று விசாரிப்பது, ஒரு மென்பொருளில் பிறர் திரும்பச் செய்து பார்க்கும்படி கணக்கை எழுதி வைப்பது, இவை இருக்கட்டும்.

புதிய நிகழ்தகவுத் தாளை இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடமாக வையுங்கள். முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நானாக இருந்தால் எடுத்திருப்பேன். வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவை மூலத் தரவிலிருந்து திரும்பக் கணக்கிடும் வேலையை, ஏதாவது ஒரு கட்டாயத் தாளில், தேர்வுக்கு ஈடான மதிப்பெண்ணோடு சேர்த்துவிடுங்கள்.

சேர்க்கைக் குறிப்பேட்டில், கணிதப் பட்டதாரிகளுக்கு இந்தப் படிப்பில் எது புதிதாக இருக்கும், அதற்குத் துறை என்ன உதவி தரும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். உதவி எதுவும் இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள், விண்ணப்பிக்கும் முன் அவர்களுக்குத் தெரியட்டும்.

இப்போது படிக்கும் மாணவர்களை, இரண்டு பின்னணியிலிருந்தும், அழைத்துக் கேட்காமல் இந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளிவருவதற்குள் அந்தக் கூட்டத்தை நடத்தி, அதன் முடிவை எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணிதத்திலிருந்து வந்து உங்களிடம் புள்ளியியல் படித்த முன்னாள் மாணவன்